பட்டுத் தறியும் பங்குச் சந்தையும்

ஆரணி என்றதும் பட்டுச் சேலை நம் நினைவுக்கு வரும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பல குடும்பங்களுக்குத் தறிதான் சோறு போடுகிறது. பங்குச் சந்தையோ 1875-இல் பம்பாயில் தொடங்கியது. தறிக்கும் சந்தைக்கும் என்ன தொடர்பு?

ஒரு நெசவாளர் குடும்பம் சிறுகச் சிறுக ஓர் இலட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பானையில் போட்டு மூடினால் வளராது. வங்கியில் போடலாம், பங்கு வாங்கலாம். எது நல்லது? இந்தக் கேள்விக்கு விடை காணச் சிறிது பொருளாதாரமும் சிறிது கணக்கும் தெரிந்தால் போதும்.

கடன் கொடுத்தவரும் கூட்டாளியும்

வங்கியில் பணம் போடுகிறவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். இவ்வளவு வட்டி என்று முன்னரே பேசிவிடுகிறார்கள். ஒரு வங்கியில் ஒருவர் போட்டுள்ள பணத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு.

பங்கு வாங்குகிறவரோ கூட்டாளி. ஒரு கம்பெனியின் முதலை 10 இலட்சம் பங்குகளாகப் பிரித்திருந்தால், நூறு பங்கு வைத்திருப்பவர் அதில் பத்தாயிரத்தில் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரர். இலாபம் பெருகினால் பங்கின் விலை ஏறும். நட்டம் வந்தால் இறங்கும். உறுதி எதுவும் இல்லை. மும்பைச் சந்தையில் முக்கியமான 30 கம்பெனிப் பங்குகளின் போக்கைக் காட்டும் எண்தான் 'சென்செக்ஸ்'. 1978-79ஆம் ஆண்டின் நிலையை 100 என்று கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள்.

பொருளாதாரத்தின் நாடி

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, பொருளாதார நிலையை அறியவும் சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது விலைவாசி. கர்நாடகத்து ராமநகரச் சந்தையில் பட்டுக்கூட்டின் விலை ஏறினால் ஆரணியில் நூல் விலை ஏறுகிறது. வெள்ளி விலை ஏறினால் சரிகை விலையும் ஏறுகிறது. சேலை விலையைக் கூட்டினால் வாங்குவோர் குறைகிறார்கள். கூட்டாவிட்டால் இலாபம் குறைகிறது. பெரிய கம்பெனிகளின் நிலையும் இதுதான்.

இரண்டாவது வட்டி. 2022 ஏப்ரலில் நாட்டின் சில்லறை விலைகள் அதற்கு முந்தைய ஆண்டைவிட 7.79 சதவீதம் உயர்ந்திருந்தன. இதைக் கட்டுப்படுத்த, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான 'ரெப்போ' வட்டியை ரிசர்வ் வங்கி 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக உயர்த்தி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆக்கியது. வட்டி ஏறினால் கடன் வாங்கித் தொழில் நடத்துவோருக்குச் செலவு கூடும். பங்கு விலைகளுக்கு அது பாரம்.

மூன்றாவது தேவை. முகூர்த்த மாதங்களில் பட்டு விற்பனை சூடு பிடிக்கும். ஆடியில் தளரும். மக்கள் கையில் பணம் புழங்குகிறதா என்பதைக் கடைவீதியே சொல்லிவிடும்.

இந்த அடையாளங்களைக் கொண்டு நாளை சந்தை ஏறுமா, இறங்குமா என்று சொல்லிவிடலாமா? முடியாது. நமக்குத் தெரிந்த செய்தி மற்றவர்களுக்கும் தெரியும். அது ஏற்கெனவே விலையில் கலந்துவிட்டது. மேகம் கறுத்திருப்பது தெரியும். மழை எத்தனை மணிக்கு வரும் என்பது தெரியாது.

2020 கற்பித்த பாடம்

2020 ஜனவரியில் சென்செக்ஸ் ஏறத்தாழ 42,000. கொரோனா அச்சத்தில், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து, ஏறத்தாழ 26,000-இல் நின்றது. அதாவது ஜனவரி நிலையிலிருந்து 38 சதவீத வீழ்ச்சி.

இங்கே ஒரு கணக்கு. 42,000-லிருந்து 26,000-க்கு இறங்க 38 சதவீதம் போதும். ஆனால் 26,000-லிருந்து மீண்டும் 42,000-க்கு ஏற 62 சதவீதம் வேண்டும்! பாதியாகக் குறைந்தது பழைய நிலையை அடைய இரண்டு மடங்காக வேண்டும் அல்லவா? இறங்குவது எளிது, ஏறுவது கடினம்.

சந்தை அந்த நவம்பரிலேயே பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. காத்திருக்க முடிந்தவர்களுக்கு நட்டம் இல்லை. ஆனால் மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. திருமணங்கள் தள்ளிப்போயின, தறிகள் நின்றன. பங்கு விலை வீழ்ந்த அதே வாரத்தில் கூலியும் நின்றது. அரிசி வாங்கவும் மருந்து வாங்கவும் பங்கை விற்க நேர்ந்த குடும்பத்துக்கு அந்த 38 சதவீதம் திரும்பி வராத நட்டம். விலை இறங்குவதைவிட, இறங்கிய வேளையில் விற்கும் கட்டாயம் ஏற்படுவதே எளியவர்களுக்குப் பேராபத்து. ஆகவே சில மாதச் செலவுக்கான பணமும், விரைவில் வரும் கல்விச் செலவு, கல்யாணச் செலவுக்கான பணமும் சந்தைக்குப் போகக் கூடாது.

காத்திருந்தால் எல்லாம் சரியாகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜப்பானின் 'நிக்கி' எண் 1989 இறுதியில் தொட்ட உயரத்தை மீண்டும் தாண்டியது 2024-இல்தான். 34 ஆண்டுகள்!

ஒரே தறியை நம்பலாமா?

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். அன்று சென்செக்ஸ் சுமார் 7 சதவீதம் இறங்கியது. சத்யம் பங்கோ முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. பல தொழில்களில் பிரித்துப் போட்டவர் அடியைத் தாங்கினார். அந்த ஒன்றையே நம்பியவர் தாங்கவில்லை.

வங்கியில் மட்டும் போட்டால் ஆபத்தே இல்லையா? உண்டு. விலைவாசி 7 சதவீதம் ஏறி, வட்டி 5 சதவீதம் கிடைத்தால் பணம் பெருகினாலும் அதனால் வாங்கக்கூடிய பொருள் குறைகிறது. இது மெல்ல அரிக்கும் கறையான். அவசரப் பணத்தை வங்கியிலும், பல ஆண்டுகள் தேவைப்படாத பணத்தில் ஒரு பகுதியைப் பல பங்குகளிலும் வைப்பதன் காரணம் இதுதான்.

ஆசையின் கணக்கு

சந்தை ஆபத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது 'ஆபத்தே இல்லை, அதிக வட்டி' என்ற பேச்சு. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டி ஏமாற்றியது என்பது தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. 2022 மே மாதம் சோதனை நடந்தது. ஆரணிப் பகுதியிலும் பலர் பணம் கட்டியிருந்தனர்.

மாதம் 30 சதவீதம் என்பதைக் கூட்டுவட்டியில் போட்டுப் பாருங்கள். ஓர் இலட்சம் ஓராண்டில் 23 இலட்சம். இரண்டாண்டில் 5 கோடிக்கும் மேல்! எந்தத் தொழிலில் இவ்வளவு இலாபம் வரும்? எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டிச் சூத்திரமே போதும், இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க. பணம் கேட்கும் நிறுவனம் ரிசர்வ் வங்கியிடமோ, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி'யிடமோ பதிவு பெற்றதா என்றும் விசாரிக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் வெள்ளி விலை, அரிசி விலை, சென்செக்ஸ் மூன்றையும் எழுதி வாருங்கள். மறுநாள் சென்செக்ஸ் ஏறுமா, இறங்குமா என்று உங்கள் ஊகத்தையும் பக்கத்தில் குறியுங்கள். மூன்று மாதம் கழித்து, எத்தனை ஊகம் பலித்தது என்று எண்ணுங்கள். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால் எத்தனை பலித்திருக்கும் என்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.