பனிக்காலத்தில் தயாராகும் தேனீப் பெட்டிகள்
அமெரிக்காவின் வட மாநிலங்களில் டிசம்பர் வந்துவிட்டால் தேனீக்கள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. பெட்டிக்குள் பந்துபோல் திரண்டு, சேமித்த தேனைத் தின்று, உடலை நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொள்கின்றன. வளர்ப்பவர்களுக்கோ அது தச்சு வேலைக் காலம்.

பலரும் பெட்டிகளைப் பொருத்தாத பலகைகளாகவே வாங்குகிறார்கள், விலை குறைவு. ஒரு பெட்டிக்கு வழக்கமாக, அடையைத் தாங்கும் பத்துச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மேல்கட்டை, கீழ்கட்டை, இரு பக்கக்கட்டைகள். பொருத்தும் இடங்களில் பசை தடவி, ஆணி அடித்து, மூலைகள் சதுரமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? 1852-ல் லொரென்சோ லாங்ஸ்ட்ராத் காப்புரிமை பெற்ற பெட்டி, தேனீ நடமாட விடும் சிறு இடைவெளியை நம்பியது. அந்த இடைவெளி ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர். குறைந்தால் தேனீக்கள் பிசினால் அடைத்துவிடும். கூடினால் அங்கேயும் அடை கட்டிவிடும். சட்டத்தை உருவவே முடியாது.

வண்ணம் வெளிப்புறத்துக்கு மட்டும். உட்புறம் வெறும் மரமாகவே இருக்கும். அடை கட்ட அடித்தளமாகச் சட்டத்தில் வைக்கும் மெழுகுத் தாள் குளிரில் எளிதில் நொறுங்கும் என்பதால், அதைப் பலர் கடைசியில்தான் பொருத்துகிறார்கள். வசந்தத்தில் புதிய தேனீக்கள் வரும்போது பெட்டிகளில் வண்ண வாடை போயிருக்கும்.