ஒழுகும் இடம் வேறு, ஓட்டை வேறு

ஃபேன் கொக்கி வழியே தண்ணீர் சொட்டினால் வாளியைத் தேடி ஓடாதீர்கள். ஈரமில்லாத கையால் முதலில் மெயினை அணையுங்கள். கான்கிரீட்டுக்குள் ஒயர் போகிற குழாய்தான் தண்ணீருக்கும் வழி. மழை விட்டதும் மாடியில் வடிகுழாயின் வாயைப் பாருங்கள். ஐப்பசியில் என்னைக் கூப்பிடும் பல சென்னை வீடுகளில் வேப்பஞ்சருகும் பால் கவரும் அடைத்து, மாடி குளமாகக் கிடக்கும்.

ஃபால்ஸ் சீலிங் தொப்பை போட்டிருந்தால், ஓரமாக நின்று சிறு துளையிட்டு வாளியில் வடித்துவிடுங்கள். விட்டால் பலகையே இறங்கும்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்பாதீர்கள். தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் சரிவு பார்த்து ஓடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் அடி, இந்த இரண்டையும்தான் நான் முதலில் தட்டிப் பார்ப்பேன். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் ஓடு எழும்பிவிட்டது. கீழே புட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பது தண்டம். உள்ளே நிற்கும் ஈரத்தில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்து தள்ளும்.

ரிப்பேருக்கு ஏற்றது பங்குனி, சித்திரை. வேலை முடிந்ததும் வடிகுழாயை அடைத்து 2 நாள் தண்ணீர் கட்டுங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால் மட்டும் மீதிக் கூலியைக் கொடுங்கள். கொத்தனார் நானே சொல்கிறேன்.