அபாயம் வேறு, ஆபத்து வேறு!

தெருமுனையில் இருக்கும் மின்மாற்றியைப் பார்த்திருப்பீர்கள். மண்டையோட்டுப் படத்துடன் 'அபாயம்' என்று எழுதிய பலகை அதில் தொங்கும். ஆனால், 'ஆபத்தில் உதவுபவனே நண்பன்' என்றுதான் சொல்கிறோம். 'அபாயத்தில் உதவுபவன்' என்று யாரும் சொல்வதில்லை. ஏன்?

பேச்சுவழக்கில் இரு சொற்களையும் கலந்தே பயன்படுத்துகிறோம். எனினும், சற்று உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். தீங்கு செய்யும் ஆற்றல் ஒரு பொருளில் இருந்தால் அது அபாயம். அந்தத் தீங்கு நம்மைத் தொடும் நிலையில் நாம் இருந்தால் அது ஆபத்து. மின்மாற்றியில் அபாயம் எப்போதும் உண்டு. வேலிக்கு வெளியே நிற்கும் உங்களுக்கு ஆபத்து இல்லை. வேலியைத் தாண்டிக் கையை நீட்டினாலோ, உயிருக்கே ஆபத்து! அறிவியலுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

பாம்பனுக்குப் போவோம், வாருங்கள். இராமேசுவரம் தீவை நிலப்பகுதியோடு இணைத்த பழைய ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. அதில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். ரயில் கரையிலேயே நிற்கும். காற்று குறைந்துவிட்டதா? இல்லை. அபாயம் அப்படியே இருக்கிறது. ஆனால் பாலத்தின் மேல் ரயில் இல்லை. எனவே பயணிகளுக்கு ஆபத்து இல்லை.

இதற்கு மாறாக நடந்ததுதான் 1964-ஆம் ஆண்டின் துயரம். டிசம்பர் 22-ஆம் தேதி இலங்கையைக் கடந்த கடும்புயல், அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. புயல் காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளும். பாக் நீரிணைப் பகுதி ஆழமற்ற கடல். அங்கே தள்ளப்படும் நீர் கீழே இறங்க இடமின்றி மேலே எழும்பும். அன்று அது ஏறத்தாழ 7 மீட்டர் எழும்பியதாகச் சொல்கிறார்கள். தனுஷ்கோடியோ இருபுறமும் கடல் சூழ்ந்த, தாழ்வான மணல் திட்டு. ஒதுங்க மேடு ஏது? நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்கு இரையானது. ஊரும் அழிந்தது. இதே புயல் ஆளில்லாத நடுக்கடலிலேயே ஓய்ந்திருந்தால், அபாயம் இருந்திருக்கும், ஆபத்து இருந்திராது.

தாங்கும் வலிமையும் ஆபத்தின் அளவை மாற்றும். அதே இரவில் பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதியோ அசையாமல் நின்றது! அபாயம் ஒன்று; விளைவு இரண்டு. 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது.

ஆக, ஆபத்தைத் தீர்மானிப்பவை மூன்று: அபாயத்தின் வலிமை, அதன் பாதையில் நாம் இருப்பது, நம் தாங்கும் வலிமை. முதலாவதை நம்மால் மாற்ற முடியாது. புயலை நிறுத்த யாரால் முடியும்? மற்ற இரண்டும் நம் கையில் உள்ளன.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். 8, 9, 10 ஆகிய எண்கள் பேரபாயத்தைக் குறிப்பவை. கூண்டு சொல்வது அபாயத்தைப் பற்றி மட்டுமே. அதைக் கண்டு படகைக் கரையேற்றிவிட்ட மீனவருக்குக் கடலால் வரும் ஆபத்து நீங்கிவிடுகிறது. ஒரு நாள் வருமானம் போகும்தான், உயிர் மிஞ்சும்.

உங்கள் ஊரிலும் கிணறு, ஏரி, ரயில்பாதை, பட்டாசுக் கடை என்று அபாயங்கள் பல இருக்கும். அவற்றைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், அது யாருக்கு, எப்போது ஆபத்தாகும் என்று எழுதிப் பாருங்கள். அதைத் தடுக்கும் வழி பெரும்பாலும் அந்த விடையிலேயே இருக்கும்.