தாத்தா பிறந்த ஊரும் தடைபெற்ற வீரர்களும்: மலேசியக் கால்பந்து விவகாரம் எழுப்பும் கேள்விகள்

மலேசியாவின் தேசியக் கால்பந்து அணி 2025ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் வியட்நாமை நான்குக்குப் பூஜ்யம் என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. 2027ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைப் போட்டிக்கான தகுதியாட்டம் அது. பத்தாண்டுகளுக்கும் மேலாக வியட்நாமை வெல்ல முடியாமல் இருந்த அணி, தென்கிழக்காசியாவின் நடப்புச் சாம்பியனாக அப்போது விளங்கிய அந்நாட்டை இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றபோது மலேசிய ரசிகர்கள் கொண்டாடினர்.

அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவின் ஒழுங்காற்றுக் குழு, செப்டம்பர் 26ஆம் தேதி, அணியில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த ஏழு வீரர்களுக்கு 12 மாதத் தடை விதித்தது. ஒவ்வொருவருக்கும் 2,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், மலேசியக் கால்பந்து சங்கத்திற்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர்கள் ஆடத் தகுதி பெற்றவர்கள் என்று காட்டுவதற்காகச் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்பதே குற்றச்சாட்டு.

அதன் பின்னர் மலேசிய ரசிகர்களிடையே எழுந்த விவாதம், ஏழு பேரின் தடை நியாயமா என்ற கேள்வியோடு நின்றுவிடவில்லை. தேசிய அணியில் ஆட உரிமை உள்ளவர் யார், அணியை எங்கிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பெரிய கேள்விகளை அது தொட்டது. மலேசியாவில் வாழும் தமிழர்களுக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல.

விதி சொல்வது என்ன?

ஒரு நாட்டின் கடவுச்சீட்டு கையில் இருந்தால் மட்டுமே அந்நாட்டு அணியில் ஆடிவிட முடியாது. கடவுச்சீட்டு வழங்குவது அரசின் உரிமை. அணியில் ஆட அனுமதிப்பது ஃபிஃபாவின் அதிகாரம். பிறப்பினால் அன்றிப் பின்னர் ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற வீரர், நான்கு நிபந்தனைகளுள் ஒன்றையேனும் நிறைவேற்ற வேண்டும் என்று ஃபிஃபா விதிகள் கூறுகின்றன. அவர் அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அவரைப் பெற்ற தாயோ தந்தையோ அங்கு பிறந்திருக்க வேண்டும். அல்லது தாத்தா பாட்டிகளில் ஒருவர் அங்கு பிறந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையெனில் அவர் குறிப்பிட்ட காலம் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பின் குடியேறியவருக்கு அக்காலம் ஐந்து ஆண்டுகள்.

ஏழு வீரர்களும் மூன்றாவது வழியில் அணிக்குள் வந்தவர்கள். ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த அவர்களுடைய தாத்தா அல்லது பாட்டி பினாங்கு, மலாக்கா, ஜொகூர், சரவாக் போன்ற இடங்களில் பிறந்ததாக ஆவணங்கள் கூறின. ஆனால் அந்தந்த நாடுகளின் பதிவேடுகளிலிருந்து மூலப் பிறப்புச் சான்றிதழ்களை ஃபிஃபா வரவழைத்துப் பார்த்தபோது, அந்த மூதாதையர் எவரும் மலேசிய மண்ணில் பிறந்தவர்கள் அல்லர் என்பது தெரியவந்தது. அக்டோபர் மாதம் வெளியான விரிவான தீர்ப்பு, இதனை அப்பட்டமான ஏமாற்று வேலை என்று சாடியது.

ஆவணங்களைச் சமர்ப்பிக்கும்போது தொழில்நுட்பத் தவறு நேர்ந்துவிட்டது என்று சங்கம் விளக்கமளித்தது. எனினும் அதன் மேல்முறையீட்டை ஃபிஃபா நவம்பர் 3ஆம் தேதி நிராகரித்தது. சம்பந்தப்பட்ட நாடுகளின் குற்றவியல் அதிகாரிகளுக்குத் தகவல் தரப்படும் என்றும் அது அறிவித்தது. இதையடுத்து இவ்விவகாரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது.

ரசிகர்களிடையே மூன்று தரப்பு

தடைச் செய்தி வந்த நாள் முதல் மலேசிய ரசிகர்களின் கருத்துகள் பெரும்பாலும் மூன்றாகப் பிரிந்து நின்றன.

முதல் தரப்பினர் வீரர்கள்பால் இரக்கம் காட்டினர். சங்கம் அழைத்தது, முகவர் தாள்களைக் கொண்டுவந்தார், வீரர் கையெழுத்திட்டார். காகிதத்தைத் திருத்தியவர் வேறொருவராக இருக்க, பந்தை உதைத்தவர் ஏன் ஓராண்டு காலத்தை இழக்க வேண்டும் என்று இவர்கள் கேட்டனர். இக்கேள்வியைப் புறக்கணித்துவிட முடியாது. தொழில்முறைக் கால்பந்து வீரர் ஒருவர் உச்ச நிலையில் ஆடக்கூடிய காலம் சுமார் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகள்தான். ஃபிஃபா விதித்த தடை மலேசிய அணிக்கு ஆடுவதோடு நில்லாமல் கால்பந்து சார்ந்த அனைத்து நடவடிக்கைகளுக்கும் பொருந்துவதாக இருந்தது. ஆகவே தத்தம் கிளப்புகளுக்காக ஆடி ஊதியம் பெறுவதும் தடைபட்டது.

ஆனால் இதற்கு எதிர்வாதமும் உண்டு. போலி ஆவணத்தைத் தயாரித்தவரை மட்டுமன்றி அதனைப் பயன்படுத்தியவரையும் ஒழுங்காற்றுக் கோவை பொறுப்பாளியாக்குகிறது. தன் தாத்தா எந்த நாட்டில் பிறந்தார் என்பது ஒருவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் குடிமகனாகி அதன் சீருடையை அணிவதற்கு முன் வீட்டில் விசாரித்துப் பார்க்க முடியாதா என்பதே அந்த வாதம்.

இரண்டாவது தரப்பினர், மோசடி வேறு, வம்சாவளி வீரர்களைச் சேர்ப்பது வேறு என்று வலியுறுத்தினர். வியட்நாமுக்கு எதிரான ஆட்டமே இவர்களுக்குச் சான்றாகிறது. அன்று அடிக்கப்பட்ட நான்கு கோல்களில் முதல் இரண்டும் பின்னர் தடைபெற்ற ஜோவாவ் ஃபிகெய்ரெடோ, ரோட்ரிகோ ஹோல்காடோ ஆகியோருடையவை. மற்ற இரண்டை அடித்தவர்கள் லண்டனில் பிறந்த லாவெர் கார்பின்-ஓங்கும், சரவாக்கின் குச்சிங் நகரில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த டியோன் கூல்ஸும் ஆவர். பின்னிருவரின் மலேசியத் தொடர்பு உண்மையானது. அதில் எவரும் ஐயம் எழுப்பவில்லை. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பெற்றோரின் நாட்டுக்காக ஆடுவதை, ஏழு பேரின் காரணமாகச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அநீதி என்பது இத்தரப்பின் நிலை.

மூன்றாவது தரப்பின் கோபம் ஆழமானது. 2018ஆம் ஆண்டில் காம்பியாவில் பிறந்த முகமது சுமாரே தேசிய அணியில் இடம்பெற்றது முதல், வெளியிலிருந்து வீரர்களைக் கொண்டுவருவது குறுக்குவழியாகவே கையாளப்பட்டது என்று இவர்கள் கூறினர். உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு வீரர்களுக்கான இடங்கள் அதிகரித்துக்கொண்டே போக, பள்ளித் திடல்களிலிருந்து வரும் இளைஞன் மாற்று வீரர்களின் இருக்கையிலேயே தேங்கிவிடுகிறான் என்பது இவர்களின் குற்றச்சாட்டு.

மற்ற நாடுகளின் அனுபவம்

அண்டை நாடுகளின் நெருக்குதல் இல்லாமல் மலேசியா இந்தப் பாதையில் இவ்வளவு வேகமாகச் சென்றிருக்காது. நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த இந்தோனேசிய வம்சாவளி வீரர்களைத் திரட்டிய இந்தோனேசியா, 2026ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றுகளில் நான்காவது சுற்று வரை முன்னேறியது. டச்சுக் காலனியாதிக்கம் விட்டுச்சென்ற குடும்பத் தொடர்புகள் அந்நாட்டுக்கு உண்மையாகவே இருந்தன. பிரேசிலில் பிறந்து, வியட்நாமில் பல ஆண்டுகள் ஆடிக் குடியுரிமை பெற்ற நுயென் சுவான் சொன், 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவடைந்த தென்கிழக்காசியக் கோப்பைப் போட்டியில் மிக அதிகமான கோல்களை அடித்து அந்நாட்டைச் சாம்பியனாக்கினார். முன்னது வம்சாவளி, பின்னது வசிப்பிடம். இரண்டும் விதிக்கு உட்பட்டவை.

விதியை மீறியதற்கு முன்னுதாரணங்களும் உள்ளன. பிரேசிலில் பிறந்த 12 வீரர்களைப் போலி ஆவணங்களுடன் களமிறக்கியதற்காகக் கிழக்குத் திமோரை 2023ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைப் போட்டியிலிருந்து ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டில் விலக்கியது. எக்குவடோர் அணியின் பைரன் காஸ்டியோவுடைய கடவுச்சீட்டில் தவறான விவரங்கள் இருந்ததாக 2022ஆம் ஆண்டில் லோசான் தீர்ப்பாயம் முடிவு செய்தது. அதன் விளைவாக எக்குவடோர் அடுத்த உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றை மூன்று புள்ளிகள் குறைவாகத் தொடங்கியது. அப்படியிருந்தும் அது தகுதி பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. இளம் வீரர்களை உள்நாட்டிலேயே உருவாக்கிய அணிக்கு மூன்று புள்ளி இழப்பைத் தாங்கும் வலு இருந்தது.

தமிழர்களும் மலேசிய அணியும்

உள்ளூர் வீரர்களைக் கொண்டு மலேசியா சாதிக்க முடியாது என்ற கூற்றை அந்நாட்டின் வரலாறே மறுக்கிறது. 1972ஆம் ஆண்டின் மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் ஆடிய மலேசிய அணி அமெரிக்காவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது. 1974ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. 1980ஆம் ஆண்டில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது; ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து அப்போட்டியை மலேசியா புறக்கணித்தது.

மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தவரும் இயல்பாக இணைந்து ஆடிய அணிகள் அவை. தற்காப்பு வீரர் எம். சந்திரன், நீண்ட கைகளால் "ஸ்பைடர்மேன்" எனப் பெயர் பெற்ற கோல்காப்பாளர் ஆர். ஆறுமுகம் ஆகியோர் இன எல்லை கடந்து கொண்டாடப்பட்டனர். 1988ஆம் ஆண்டில் ஆறுமுகம் சாலை விபத்தில் உயிரிழந்தபோது நாடே துயருற்றது. பின்னாளில் முன்னாள் தேசிய வீரரான கே. ராஜகோபால் பயிற்றுநராகப் பொறுப்பேற்று, முற்றிலும் உள்நாட்டில் உருவான வீரர்களைக் கொண்டு 2010ஆம் ஆண்டில் தென்கிழக்காசியக் கோப்பையை மலேசியாவுக்கு முதல் முறையாகப் பெற்றுத் தந்தார்.

ஆனால் அணியில் தமிழ்ப் பெயர்கள் காலப்போக்கில் அருகிப்போயின. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது, வேலை முடிந்த மாலையில் பந்தாடிய தோட்டத் திடல்களும் மறைந்தன. அந்த இடைவெளியை நிரப்ப மலேசிய இந்தியர் கால்பந்து சங்கம் முயன்றது. அதன் அணியிலிருந்து உருவான பெட்டாலிங் ஜெயா சிட்டி, நாட்டின் உயர்நிலை லீக்கில் 2021ஆம் ஆண்டில் ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லாமல் ஆடித் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. எனினும் 2022ஆம் ஆண்டுப் பருவத்துடன் அந்த அணி லீக்கிலிருந்து விலகியது. பணம் படைத்த கிளப்புகளுடன் அவ்வாறு போட்டியிடுவது எவ்வளவு கடினம் என்பதை இது உணர்த்துகிறது.

ஒரு பிறப்புச் சான்றிதழின் விலை

இவ்விவகாரத்தில் கால்பந்துக்கு அப்பாற்பட்ட ஒரு பக்கமும் உண்டு. மலேசிய அரசமைப்பின்படி, குடியுரிமை கோரும் வெளிநாட்டவர் விண்ணப்பத்துக்கு முந்திய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளை அந்நாட்டில் கழித்திருக்க வேண்டும். மலாய் மொழியில் போதிய அறிவும் பெற்றிருக்க வேண்டும். ஏழு வீரர்களுள் எவரும் பத்தாண்டுகள் அங்கு வசித்தவர் அல்லர். சட்டம் தமக்குத் தரும் விருப்புரிமையைப் பயன்படுத்தியே அவர்களுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டதாக உள்துறை அமைச்சர் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மூதாதையரின் மூலப் பதிவுகள் கிடைக்காத நிலையில், வெளிநாட்டிலிருந்து வந்த துணை ஆவணங்களைக் கொண்டு பதிவுத் துறை சான்றளித்தது என்பதும் ஃபிஃபாவின் தீர்ப்பிலிருந்து தெரிந்தது.

இந்தச் செய்தியைத் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்கள் எவ்வாறு வாசித்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மலேசியாவிலேயே பிறந்தும், தாத்தா பாட்டியின் பதிவுத் தாள் இல்லாததாலும், பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலும் குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடும், சிலர் அதுவும் இன்றியும் வாழும் இந்திய வம்சாவளியினரின் பிரச்சினை பல்லாண்டுகளாக நீடித்து வருவது. இத்தகையோரைப் பதிவு செய்ய 2011ஆம் ஆண்டில் அரசே தனி இயக்கம் ஒன்றை நடத்த வேண்டியிருந்தது. நான்கு தலைமுறைகளாக அம்மண்ணில் ரப்பர் பால் எடுத்தவர்களின் பேரன், ஒரு தாள் இல்லாத காரணத்தால் அரசுத் தேர்வுக்கும் வேலைக்கும் அலைகிறான். அவன் நல்ல பந்தாட்டக்காரனாகவே இருந்தாலும், குடியுரிமை இல்லாமல் தேசிய அணியில் ஆட முடியாது.

இதனை அந்த ஏழு வீரர்களின் குற்றமாகக் காண்பது முறையாகாது. ஆனால் மூலப் பதிவு கிடைக்கவில்லை என்ற ஒரே குறை, ஒருவருக்குக் கடந்துவிடக்கூடிய சிறு தடையாகவும் இன்னொருவருக்கு வாழ்நாள் சுவராகவும் ஆவது எப்படி என்ற கேள்வி நியாயமானது.

தேர்வு யாருடையது?

தடைகள் காலக்கெடு உள்ளவை. மலேசிய அணியைத் தேர்ந்தெடுப்பவர்களின் முன்னுள்ள முடிவு அதைவிட நீண்டது. உண்மையான வம்சாவளித் தொடர்புள்ளவர்களை ஒளிவுமறைவற்ற சோதனைக்குப் பின் சேர்ப்பதும், பள்ளி முதல் லீக் வரை உள்ளூர் இளைஞருக்கு ஆடும் வாய்ப்பை உறுதிப்படுத்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னதை மட்டும் செய்வது எளிது. ஆறுமுகத்தையும் சந்திரனையும் உருவாக்கியது பின்னது.

அணி தோற்றால் ரசிகர்கள் திட்டுவார்கள், பின்னர் அடுத்த ஆட்டத்திற்கு மீண்டும் வருவார்கள். தாங்கள் கொண்டாடிய வெற்றி போலித் தாளின் மீது நின்றது என்று அறியும்போது அவர்கள் இழப்பது வேறொன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பு எதுவாக இருந்தாலும், அந்த நம்பிக்கையை மீட்டுத் தருவது எந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்திலும் இல்லை.