குதிரையின் பங்காளி

காங்கேயம் காளைக்கு லாடம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலுக்கு இரண்டு துண்டு. குதிரைக்கு ஒன்றுதான். காளை, ஆடு, மான் எல்லாம் மூன்றாம், நான்காம் விரல்களில் பாரத்தைப் பங்கிட்டு நிற்பவை. குதிரை, காண்டாமிருகம், டேபிர் ஆகியவை நடுவிரலை நம்பிய கூட்டம். காண்டாமிருகத்துக்கு இன்றும் மூன்று விரல் உண்டு. குதிரைக்கு நடுவிரல் மட்டுமே மிஞ்சியது.

இந்த நடுவிரல் கூட்டம் சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா மூன்றிலும் திடுதிப்பென்று தலைகாட்டுகிறது. முந்தைய படிகள் தெளிவாகக் கிடைக்கவில்லை. அப்போது தனித்தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவில் அது பிறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் டேவிட் கிராஸும் மேரி மாஸும் 1990இல் சொன்னார்கள். காட்டுவதற்குத்தான் எலும்பு இல்லை.

அந்த எலும்பைக் கொங்கு நாட்டுப் பல்லடத்தில் தேடிப் பயனில்லை. ஆயிரம் அடிக்குப் போர் போட்டாலும் கருங்கல் தூள்தான் வரும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், விலங்கே இல்லாத காலத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த பாறை இது. எலும்பு நிலைத்திருக்கச் சேறு வேண்டும்.

2001இல் தொல்லுயிரியலாளர் கென்னத் ரோஸின் குழு ராஜஸ்தானில் தேடியது. சில மீன் எலும்புகளே கிடைத்தன. குழுவின் ராஜேந்திர ராணா விடவில்லை. மறு ஆண்டு தெற்கே இறங்கி, சூரத் பக்கம் வஸ்தான் சுரங்கத்தைக் கண்டுபிடித்தார். நெய்வேலியைப் போலவே அங்கும் பழுப்பு நிலக்கரிதான். 2004இல் அங்கே பெல்ஜியத்தின் தியரி ஸ்மித் கையில் பாலூட்டி எலும்புகள் சிக்கின. 2005இல் சுனில் பாஜ்பாய் குழுவினர் அங்கு கிடைத்த ஒரு விலங்குக்குக் கேம்பேதீரியம் என்று பெயரிட்டார்கள். கேம்பே என்பது காம்பத் வளைகுடா.

2020க்குள் 350க்கும் மேற்பட்ட எலும்பும் பல்லும் சேர்ந்துவிட்டன. ஆட்டின் அளவு உடம்பு, சுமாரான ஓட்டம். கடைவாய்ப் பற்களில் மழுங்கிய குமிழ்கள். புல்லை அரைக்கும் குதிரைப் பல்லோடு ஒப்பிட்டால் அடையாளமே தெரியாது. ஆனால் கைகால் எலும்புகளும் இடுப்பு முள்ளெலும்புகளும் பழைய பாலூட்டிகளுக்கும் நடுவிரல் கூட்டத்துக்கும் இடைப்பட்டவை. வேறெங்கும் கிடைக்காத இடைப்படி இது.

செய்தித்தாள்கள் இதைக் குதிரையின் பாட்டன் என்று எழுதின. கணக்கு இடிக்கிறது. வஸ்தான் எலும்புகளின் வயது சுமார் 5.45 கோடி ஆண்டு. முதல் நடுவிரல் விலங்குகளோ அதற்கும் மூத்தவை. ஆகவே இது பாட்டன் அல்ல, பங்காளி. கூட்டம் உருவாவதற்குச் சற்று முன்பே பிரிந்து, பழைய சாயல் மாறாமல் இந்தியத் தீவிலேயே தங்கிவிட்ட கிளை.

5.6 கோடி ஆண்டுகளைத் தாண்டிய இந்தியப் பாறையில் இதன் உறவினர் கிடைக்கும்வரை, இந்தியப் பிறப்பு என்பது வலுவான ஊகம், அவ்வளவுதான். அதை மேடையில் "குதிரை நம்ம ஊருதான்" என்று ஆக்கிவிட வேண்டாம். இன்றைய குதிரையாக அது வளர்ந்தது வட அமெரிக்காவில்.