ரூட்டர் மேசையின் மேற்பரப்புப் பொருள்

ரூட்டர் மேசை என்பது, மரத்தில் காடி எடுக்கவும் விளிம்புகளுக்கு வடிவம் கொடுக்கவும் பயன்படும் ரூட்டர் என்னும் மின்கருவியைத் தலைகீழாகப் பொருத்திய மேசை ஆகும். (இணைய இணைப்புக்கான ரூட்டர் வேறு, இது தச்சுக்கருவி.) பிட் மேற்பலகையின் துளை வழியே மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்துண்டைக் கையால் தள்ளிச் சென்று வெட்டுவர். இம்மேசையைப் பலர் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். அப்போது முதலில் எழும் கேள்வி, மேற்பலகைக்கு எந்தப் பொருளைத் தேர்வது என்பதே.

தேவையான பண்பு

பலகை எவ்வளவு கடினமானது என்பதைவிட, அது தட்டையாகவே நீடிக்குமா என்பதே முக்கியம். ரூட்டரின் எடை ஏறத்தாழ 3 முதல் 6 கிலோ வரை இருக்கும். அந்த எடை நாள்தோறும் பலகையின் நடுவில் தொங்குவதால், மெலிந்த பலகை மெல்லத் தொய்கிறது. நடுப்பகுதி 1 மி.மீ. தாழ்ந்தால், நீண்ட சட்டம் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம்போல் நிற்கும். 6 மி.மீ. ஆழம் வேண்டிய காடி 5 மி.மீ. மட்டுமே இறங்கும். சட்டத்தின் முனை பள்ளத்தில் சாயும்போது ஆழம் மீண்டும் மாறும். இத்தகைய காடியில் மூட்டு சரியாகப் பொருந்தாது.

வழுவழுப்பு இரண்டாவது தேவை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் பிட்டின் அருகே மரத்துண்டு தட்டித் தடுக்கி நின்றால், அந்த இடம் கருகும். துண்டு உதறித் தள்ளப்படவும் கூடும். அவ்வேளையில் விரல்கள் பிட்டுக்கு மிக அருகில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பொருள்கள்

தேக்கு என்றாலே உயர்வு என்று நினைப்பது நம் வழக்கம். இங்கே அது பொருந்தாது. எந்தத் திட மரமும் காற்றின் ஈரத்துக்கேற்ப ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும்; அகலப் பலகை வளையும்.

எம்.டி.எஃப். பலகை மரநாரைப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படுவது. ரேகை இல்லாததால் எத்திசையிலும் ஒரே தன்மை உடையது, தட்டையாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வெட்டிய விளிம்பில் நீர் பட்டால் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இது பெரிய குறை. வெட்டும்போது எழும் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் அவசியம்.

பிளைவுட் ஈரத்தை ஓரளவு தாங்கும், திருகையும் இறுகப் பிடிக்கும். ஆயினும் கடையில் வாங்கும் தாளே சிறிது வளைந்திருக்கக்கூடும். வாங்கும் முன் விளிம்பின் நீளத்தில் கண்ணை ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டில் திருகு நிற்காது. அக்ரிலிக் துளையோரம் விரிசல் விடும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் வளையும். பீனாலிக் பலகை எல்லா வகையிலும் சிறந்தது, விலைதான் தடை.

இரட்டைப் பலகை முறை

வீட்டில் செய்பவருக்கு ஏற்றது, 18 மி.மீ. எம்.டி.எஃப். அல்லது பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் பலகை. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். எனவே முழுப் பரப்பும் நன்கு ஒட்டப்பட்ட 36 மி.மீ. பலகை, 18 மி.மீ. பலகையைவிட 8 மடங்கு விறைப்பாக இருக்கும். பசை உலரும் வரை சமதளத்தில் வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். தளம் வளைந்திருந்தால் அந்த வளைவு பலகையில் நிலைத்துவிடும்.

இதன் மேல் 1 மி.மீ. லேமினேட், அதாவது பேச்சுவழக்கில் மைக்கா, ஒட்டினால் வழுவழுப்பு கிடைக்கும். அடிப்பக்கமும் லேமினேட் ஒட்டுவது கட்டாயம். பலர் செலவை மிச்சப்படுத்த இதை விட்டுவிடுகின்றனர். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி, சில மாதங்களில் பலகை கிண்ணம்போல் வளையும். விளிம்புகளையும் துளையின் உட்புறத்தையும் வார்னிஷ் பூசி அடைக்க வேண்டும்.

தடித்த பலகையில் நேராக ரூட்டரைப் பொருத்தினால் பிட் போதிய உயரம் வராது. ஆகவே நடுவில் வெட்டி, 6 மி.மீ. அலுமினியத் தகட்டைப் பதித்து, அதில் ரூட்டரைத் தொங்கவிடுவர். தகடும் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரண எழுதுதாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; இரும்பு அளவுகோலை இணைப்பின் குறுக்கே நிறுத்தினால் அடியில் அத்தாள் நுழையாதிருப்பது நல்லது. மூலைக்கு மூலை வைத்தும் இவ்வாறே சோதிக்கலாம்.

பரப்பில் அவ்வப்போது மெழுகு தேய்த்துத் துடைத்தால் மரம் இலகுவாக நகரும். சிலிக்கோன் தெளிப்பான் வேண்டாம். அது மரத்தில் ஒட்டிப் பின்னர் பாலீஷ் பிடிக்காமல் செய்யும்.