கட்டுப்பல் செய்யும் கூடத்துத் தூசு

பிளேஸ்டோவில் இருந்து ரயிலேறிப் பல் தொழில்நுட்பம் படிக்கப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: கூடத்தில் என்ன மாஸ்க் போடுகிறாய்?

உலோகப் பல்மூடி வார்க்கும் அச்சு மாவில் சிலிக்கா உண்டு. வார்த்தபின் அச்சை உடைக்கும்போது அது தூசாகப் பறக்கும். பெரிய தூசு தும்மலோடு போய்விடும்; கண்ணுக்குத் தெரியாத தூசுதான் நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தழும்பை உண்டாக்கும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய் வெளித்தெரியப் பல வருடம் எடுக்கலாம், வந்தால் மாறாது. அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் 1994 முதல் 2000 வரை 9 பல் தொழில்நுட்பவியலாளருக்கு இது இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் போடும் நீல மாஸ்க் இதற்குக் காணாது. முதலில் வேண்டியது தூசை உறிஞ்சும் இயந்திரம். அதற்குமேல் எஃப்.எஃப்.பி.3 மாஸ்க், அதுவும் முகத்துக்கு அளவாக இருக்கிறதா என்று சோதித்து. தாடி இருந்தால் அது ஒட்டாது. எங்கட பெடியளுக்கு இது பிடிக்காது, என்ன செய்ய! மேசையைத் தும்புக்கட்டையால் தட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலைக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

கட்டுப்பல் முரசுக்குக் கலக்கும் அக்ரிலிக் திரவம் சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவும். தோலுக்கு அது ஒருமுறை ஒவ்வாமல் போனால், பிறகு இந்தத் தொழிலே கஷ்டம்.

எங்கள் பிள்ளைகள் பலர் புதிய இடத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய கவசத்துக்கு முதலாளி தொழிலாளரிடம் காசு அறவிட முடியாது. பயிற்சிக்குப் போகும் பிள்ளையும் முதல் நாளே கேட்கலாம்.